கொல்லைப்புறத்துக் கமாடோவும் என் வயிற்றெரிச்சலும்

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்ததும் முதலில் வாங்கியது ஓர் அடுப்பு. எனக்கு அல்ல, அவருக்கு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் எத்தனையோ அடுப்புகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒற்றை பர்னர், இரட்டை பர்னர் எதுவுமே நான் கேட்ட வருடத்தில் வந்ததில்லை. அவருடையது மட்டும் நினைத்த மாத்திரத்தில் சென்னையில் லாரி ஏறி, பெரம்பலூர் பார்சல் ஆபீசில் இறங்கி, அங்கிருந்து மினி வேனில் மரப்பெட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. இறக்கி வைக்க நான்கு ஆள் தேவைப்பட்டது.

அடுப்பு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதற்குக் கமாடோ என்று பெயர். ஜப்பானில் அந்தக் காலத்தில் மண்ணில் செய்தார்களாம், இப்போது இரும்பில் செய்கிறார்களாம். நெல் கொட்டி வைக்கும் குதிருக்குச் சக்கரமும் மூடியும் வைத்தது போல் இருக்கும். உள்ளே கரியைப் போட்டு மேலே கம்பி வலையை வைத்து, அதன்மேல் கறியை வைத்து மூடிவிட வேண்டும். கீழே ஒரு காற்று ஜன்னல், மூடியின் உச்சியில் இன்னொன்று. இரண்டையும் திறந்து மூடித்தான் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும். எத்தனை டிகிரி என்று காட்ட மூடியின் முகத்தில் ஒரு வெப்பமானி உண்டு. சுவர் மட்டும் இரட்டைத் தகடு, நடுவில் சூட்டை வெளியே விடாமல் இருக்க ஏதோ பஞ்சு அடைத்திருக்கிறார்கள்.

"பீங்கான்ல வாங்குனா வர்ற வழியிலயே விரிசல் வுட்டுடும். இது டபுள் தகடு, நடுவுல இன்சுலேஷன். உள்ள எவ்வளவு எரிஞ்சாலும் வெளிய வெதுவெதுன்னுதான் இருக்கும், தொட்டுப் பாரு" என்று அவர் பெட்டியைப் பிரிக்கும்போதே எனக்குப் பாடம் எடுத்தார்.

உள்ளே எரிந்தாலும் வெளியே காட்டாமல் இருக்க இரும்புக்குத்தான் முடியும். எனக்கு முடியாது என்பது கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது.

அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சூளைப் பிரிவில் வேலை பார்த்தவர். பெரம்பலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவார், கம்பெனி பஸ்ஸில் வருவார். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வாழ்க்கை அந்தச் சூளையைச் சுற்றியே போனது. அங்கே சூடு கொஞ்சம் இறங்கினாலும் வீட்டில் அவருக்குச் சோறு இறங்காது. சரி, ஓய்வு பெற்றதும் மனுஷன் நமக்குக் கிடைப்பார் என்று நானும் காத்திருந்தேன். இங்கிருக்கிற வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்குக்கூட நாங்கள் இருவரும் சேர்ந்து போனது கிடையாது. அதெல்லாம் இனிமேல் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னடாவென்றால், அங்கே விட்டுவிட்டு வந்த சூளையைச் சின்னதாக்கிக் கொல்லைப்புறத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

புது அடுப்பாயிற்றே என்று முதல் நாள் நான் பால் பாத்திரத்தோடு போனேன். எந்த அடுப்பானாலும் முதலில் பால் பொங்கட்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் கையை நீட்டி வழியை மறித்தார்.

"பால் பொங்கி உள்ள ஊத்திச்சுன்னா நாத்தம் போவாது. முதல்ல ஒண்ணும் வைக்காம மெதுவா சூடேத்தணும். எடுத்த எடுப்புல அதிகமா எரிச்சா, காத்து கசியாம மூடி வாய்ல ஒட்டியிருக்கற பட்டை கழண்டு வந்துடும். புதுசு பாரு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே வந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சாம்பார் வைக்கச் சொல்லி ஸ்டவ் முன்னால் உட்கார வைத்தார்கள். என்னை யாரும் மெதுவாகச் சூடேற்றவில்லை. அவரும் அன்றைக்கு இரவு ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். பாலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து காப்பி போட்டுக் குடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக் கோழி ஒன்றை அதில் வைத்தார். கோழியைக் கழுவியது நான். மிளகு, சோம்பு, பட்டை வறுத்து அரைத்தது நான். இஞ்சி பூண்டு இடித்து, எலுமிச்சை பிழிந்து, இரவே ஊற வைத்ததும் நான்தான். அவர் மூடியைத் திறந்து வைத்தார், மூடினார், நாற்காலி போட்டு உட்கார்ந்து வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக வாசனை கிளம்பித் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டு சார் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டார்.

"சார், என்ன சார் இது, தெருவே மணக்குது! உங்க கைப்பக்குவம் யாருக்கு சார் வரும்!"

என் கணவர் கையில் அப்போது ஒரு இடுக்கி மட்டும்தான் இருந்தது. என் கையில் இன்னும் பூண்டு வாசனை போகவில்லை. எதிர்வீட்டு சார் ஒரு தொடையைப் பிய்த்துத் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என் மகள் அப்போது கல்யாணமாகாமல் வீட்டில்தான் இருந்தாள். "அப்பா, ஹோட்டல்லகூட இப்படி சாப்பிட்டதில்லப்பா" என்று தட்டை நக்கினாள். அவளுக்கு ஊட்டி வளர்த்த கை என்னுடையது.

மறைத்து என்ன ஆகப் போகிறது, எனக்கு வயிறு எரிந்தது. எதிர்வீட்டு சாருக்கு நான் வருடக்கணக்காகக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிண்ணம் கழுவித் திரும்பி வரும், கூடவே ஒரு வார்த்தைகூட வராது. பொம்பளை தினமும் சமைத்தால் அது வீட்டு வேலை, ஆம்பளை ஞாயிற்றுக்கிழமை சமைத்தால் அது கைப்பக்குவம். இதை நான் சத்தமாகச் சொன்னபோது என் மகள், "அம்மாவுக்குக் காதுல புகை வருது பாருப்பா" என்றாள். அவர் மூடியின் ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொண்டே சிரித்தார்.

சமைப்பதாவது வாரத்துக்கு ஒருநாள். பராமரிப்பு தினமும். காலையில் எழுந்து பல் விளக்கியதும் கொல்லைக்குப் போவார். சின்னக் கரண்டியால் சாம்பலை வழித்து எடுப்பார், அடியில் சாம்பல் அடைத்தால் காற்று ஏறாதாம். கம்பி வலையைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். மூடி வாயில் ஒட்டிய பட்டையில் பிசுக்கு சேர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். பழைய பஸ் டிக்கெட் ஒன்றை நடுவில் வைத்து மூடியைச் சாத்தி இழுத்துப் பார்ப்பார். டிக்கெட் லேசாக வந்துவிட்டால் எங்கேயோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். உடனே ஸ்பேனரோடு உட்கார்ந்து கீலை முறுக்குவார். என் மிக்சி ஜாரின் ரப்பர் போய் அரைக்கும்போதெல்லாம் சட்னி வழிந்துகொண்டிருந்தது. அதற்கு இதுவரை யாரும் டிக்கெட் வைத்துப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் தூறல் போட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்து ஓடினார். பரவாயில்லை, கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறார் என்று நினைத்தேன். அவர் கமாடோவுக்கு ரெக்சின் உறையைப் போர்த்தி, அடியில் நாடாவை இழுத்துக் கட்டிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டார். என் புடவை கொடியிலேயே நனைந்தது.

ஆனால் எனக்கு உண்மையாகவே மனசு விட்டுப்போனது கரி வாங்கப் போன அன்றைக்குத்தான். "கெளம்பு, அரியலூர் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றார். அவராக என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. நான் பட்டில் சேராத, பருத்தியிலும் சேராத ஒரு நல்ல புடவையாக எடுத்துக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகலாமா, கொள்ளிடம் ஓரமாக உட்காரலாமா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் மெயின் ரோட்டிலிருந்து மண் பாதையில் இறக்கி, ஒரு சீமைக் கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். அங்கே கரி மூட்டம் போட்டிருந்தார்கள். சூடு ஆறிய கரி மலை போல் கிடந்தது.

அந்தக் கரியை அவர் பொறுக்கிய அழகைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு துண்டாக எடுத்தார், ஒன்றோடு ஒன்று தட்டினார், காதில் வைத்துக் கேட்டார். கணீரென்று சத்தம் வந்தால் சாக்கில், மந்தமாக வந்தால் கீழே. பொடி வேண்டாம், பெரிய துண்டாக வேண்டும் என்று அந்த ஆளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குப் புடவை எடுக்கப் போனால் இவர் கடைக்குள்ளேயே வர மாட்டார். வெளியே நின்று பேப்பர் படித்துவிட்டு, "எதையாவது எடுத்துக்கிட்டு வாயேன், எல்லாம் ஒண்ணுதான்" என்பார். கரிக்கு வந்த யோகம் எனக்கு வரவில்லை. திரும்பும்போது கரி மூட்டையை வண்டியின் நடுவில் வைத்துக் கட்டினார். அவர் முன்னால், நான் பின்னால், எங்களுக்கு நடுவே அது. புடவையெல்லாம் கருப்பு. வீடு வரும்வரை அதை அவர் கவனிக்கவும் இல்லை.

இதற்கு நடுவில் என் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சென்னையில் ஆபீசில் வேலை, நல்ல பையன், கலகலப்பாகப் பேசுவார். மறுவீட்டுக்கு வந்தவருக்கு நான் மூன்று கறி, இரண்டு குழம்பு என்று இலை நிறைய வைத்தேன். என் கணவர் கொல்லையிலிருந்து ஒரு தட்டில் நாலு கோழித் தொடைகளைக் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் வைத்தார். மாப்பிள்ளை மூன்று கறியையும் சாப்பிட்டார், இரண்டு குழம்பையும் ஊற்றிக்கொண்டார், பேசியது மட்டும் ஓரத்தில் இருந்ததைப் பற்றித்தான். கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் மாமனாரும் மாப்பிள்ளையும் கொல்லையில் நின்று காற்று ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள்.

போகட்டும், தலை தீபாவளி இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் தீபாவளி. பெண்ணைப் பெற்றவள் தன் கையால் ஆக்கிப் போட வேண்டிய விருந்து. என் மகள் பாவாடை கட்டிய வயதிலிருந்தே அந்தக் காலைச் சாப்பாட்டை நான் மனசுக்குள் சமைத்துப் பார்த்திருக்கிறேன். பூப்போல இட்லி, எலும்போடு கொதித்த ஆட்டுக்கறிக் குழம்பு, மொறுமொறுவென்று உளுந்து வடை. ஒரே ஒருநாள், அந்த ஒருநாளாவது இந்த வீட்டில் எல்லார் வாயிலும் என் சமையல் பேச்சாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் ஆசைப்படவில்லை.

ஆவணிக் கடைசியில் மகள் போன் பண்ணினாள்.

"ம்மா, தலை தீபாவளிக்கு அப்பா அந்தக் கோழி போடுவார்ல? இவரு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரும்மா. இப்பவே நாளு எண்ணிக்கிட்டிருக்காரு."

"அம்மா என்னடி செய்யட்டும்?"

"நீ என்ன செஞ்சாலும் சரிம்மா."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை என் காதில் கிடந்து அறுத்தது. என்ன செய்தாலும் சரியாம். வயிற்றெரிச்சலில் அன்றைக்கு ரசத்துக்குப் புளி கரைக்கவே மறந்துபோனேன்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஆசை தீர வாட்டினார். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் கவிச்சி ஆகாது. புரட்டாசி முழுவதும் பெருமாளுக்கு விரதம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. கமாடோவும் விரதம் இருந்தது. உள்ளே வடிந்த கொழுப்பு அப்படியே இருக்கட்டும், அதுதான் அதற்குப் பக்குவம் என்றார். பாதி எரிந்த கரியும் உள்ளேயே கிடந்தது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் இரும்பாக இருப்பதையெல்லாம் கழுவிப் பொட்டு வைக்கிற நாள். மற்ற வருடம் வண்டி, அரிவாள்மனை, அவருடைய ஸ்பேனர் பெட்டி இவ்வளவோடு முடிந்துவிடும். இந்த முறை காலையிலேயே டியூபைப் பிடித்துக் கமாடோவைக் குளிப்பாட்டினார். மேலே மட்டுமா, மூடியைத் திறந்து உள்ளேயும் பீய்ச்சினார். சந்தனம், குங்குமம், வெப்பமானிக்குத் தனிப் பொட்டு, உச்சி ஜன்னலில் ஒரு முழம் கதம்பம். எதிர்வீட்டு சார் வேறு வந்துவிட்டார்.

"சக்கரம் இருக்குல்ல சார், அப்ப எலுமிச்சம்பழம் வைக்க வேணாமா?"

வைத்தார்கள். இருவருமாகத் தள்ளி, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கமாடோ அரை அடி முன்னால் வந்தது. இருவரும் கைதட்டிக்கொண்டார்கள். என் காஸ் அடுப்புக்கு நானே துடைத்து நானே பொட்டு வைத்துக்கொண்டேன். வானம் கறுத்தது. பூஜை போட்ட சாமான் நனையக் கூடாது என்று ஈரத்தோடு மூடியைச் சாத்தினார், மேலும் கீழும் காற்று ஜன்னல்களை இறுக்கினார், ரெக்சினைப் போர்த்தி நாடாவைக் கட்டினார். அதன் பிறகு நல்ல மழை. புரட்டாசி முடிந்த கையோடு தீபாவளி வந்துவிட்டதால் உறையை யாரும் தொடவில்லை.

தீபாவளி அன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, மாப்பிள்ளைக்கு மோதிரமும் போட்டு, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நான் அடுப்படியில் குழம்பைக் கொதிக்கவிட்டு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். மாப்பிள்ளை செல்போனில் படம் எடுக்கக் கூடவே போனார். உறையை உருவும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "ஐயையோ" என்றார்.

நான் கரண்டியோடு ஓடிப் போய்ப் பார்த்தேன். மூடி திறந்திருந்தது. உள்ளே கரியின் மேல், வலையின் மேல், சுவர் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. மாங்காய் ஊறுகாயில் ஈரக் கரண்டி போட்டால் எப்படிப் பூக்குமோ அப்படி. வெளியே குங்குமப் பொட்டு கரைந்து ஒழுகி, வெப்பமானிக்குக் கீழே கோடாக இறங்கியிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஈரத்தோட மூடிட்டேன். கொழுப்பு வேற உள்ள இருந்திருக்கு. காத்துக்கு ஒரு விரக்கடை தொறந்து வச்சிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகவே இருந்தது. "பாவம், சரி விடுங்க, கோழியை நான் வறுத்துடுறேன்" என்று வாய் சொன்னது. மனசு பட்டாசு வெடித்தது. என் தலை தீபாவளி எனக்கே திரும்பி வந்துவிட்டது என்று அடுப்படிக்கு ஏறக்குறைய ஓடினேன்.

இலை போட்டேன். இட்லி பூப்போலத்தான் வந்தது. குழம்பு நான் நினைத்ததைவிட நன்றாகவே அமைந்தது. மாப்பிள்ளை, "நல்லா இருக்கு அத்தை" என்றார். மகள் தலையாட்டினாள். அவ்வளவுதான். வடை சுடும்வரைகூடப் பொறுக்காமல் மூன்று பேரும் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்கள்.

அங்கே பூசணத்தை எரிக்கிற வேலை ஆரம்பமாகியிருந்தது. பழைய கரியை வாரிக் கொட்டிவிட்டு, புதுக்கரி நிரப்பி, இரண்டு ஜன்னலையும் முழுதாகத் திறந்து, முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை எரியவிட வேண்டுமாம். உள்ளே இருப்பதெல்லாம் சாம்பலாகிவிடும், பிறகு சுரண்டி எடுத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று அவர் சொல்வது கேட்டது. மாப்பிள்ளை ஏதோ கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சமைக்க ஒன்றுமில்லாத அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டு மூன்று பேரும் திருவிழா கொண்டாடினார்கள்.

நான் அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் எதிரி பூசணம் பிடித்துக் கிடக்கும்போதும் நாம் தோற்றுப் போக முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என் சமையலில் குறை இல்லை. குறை இருந்தால்கூடப் பரவாயில்லை, திருத்திக்கொள்வேன். நான் சமைக்கும்போது யாரும் வந்து பக்கத்தில் நின்றதில்லை. அதுதான் விஷயம். அந்த அடுப்படியை அவர்தான் அளவு சொல்லிக் கட்டினார், ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆளுக்கு இடமில்லாமல்.

மகள் தண்ணீர் எடுக்க உள்ளே வந்தாள். நான் கோழி வறுவலுக்கு மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்ச நேரம் இங்க நில்லேன்டி" என்றேன்.

"ஐயோ, ஒரே புகையா இருக்கும்மா, கண்ணு எரியுது" என்று சொம்போடு ஓடிவிட்டாள். கொல்லையில் பனை உயரத்துக்குப் புகை போய்க்கொண்டிருந்தது. அதற்குள் போய் நின்றுகொண்டு மறுபடி சிரித்தாள்.

எனக்கு வந்ததே கோபம். வறுவலை இறக்கி வைத்தேன். காஸைப் பட்டென்று அணைத்தேன். வடை மாவுப் பாத்திரம், இரும்புச் சட்டி, எண்ணெய்த் தூக்கு, வாழை இலைத் துண்டு எல்லாவற்றையும் இரண்டு கையிலும் இடுப்பிலுமாக அள்ளிக்கொண்டு கொல்லையில் போய் நின்றேன்.

"நகருங்க."

"என்ன?" என்றார் அவர்.

"வடை போடணும்."

"இதுலயா? முந்நூத்தம்பது டிகிரில எரிஞ்சிக்கிட்டு இருக்கு. எண்ணெய வச்சா பத்திக்கும்."

"அப்பக் கொறைங்க."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "அத்தை சொல்றாங்கல்ல மாமா, கொறைங்களேன்" என்று மாப்பிள்ளை சிரித்தார். அவர் ஜன்னல்களைச் சாத்தி, முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீங்கானாக இருந்தால் ஆற அரை நாளாகும், தகடு என்பதால் சீக்கிரம் இறங்கும் என்று அப்போதும் அதன் பெருமையை விடவில்லை. முள் நன்றாக இறங்கிய பிறகு மூடியைத் திறந்து, வலையைத் தேய்த்துச் சட்டியை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எண்ணெய்க்கு எத்தன டிகிரி வேணும்?" என்றார்.

என் சமையலைப் பற்றி அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒரு துளி மாவு போட்டா அடியில தங்காம ஒடனே மேல வரணும். அதான் டிகிரி."

துளி மேலே வந்தது. இலையில் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றாக வழுக்கிவிட்டேன். அரித்து எடுத்ததும் மகள் ஒன்றைப் பறித்தாள், சூடு தாங்காமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி ஊதினாள். மாப்பிள்ளை ஒன்றை முழுதாக வாயில் போட்டுக்கொண்டு கண்ணில் நீரோடு, "அத்தை, செம!" என்றார். தட்டு நிறையவே இல்லை. போடப் போடத் தீர்ந்தது. அதே மாவு, அதே கை, அதே வடைதான். என்னைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள், என் கையைப் பார்த்துக்கொண்டு அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் நான் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, கொல்லையை ஒட்டிய சந்திலிருந்து மதிலுக்கு மேலே எதிர்வீட்டு சாரின் தலை தெரிந்தது. கையில் பலகாரத் தட்டு.

"சார்! வடையும் போட ஆரம்பிச்சிட்டீங்களா? வாசனை என்னா தூக்கு தூக்குது! உங்க கைப்பக்குவமே தனி சார்!"

கரண்டி என் கையில் இருந்தது. மாவு என் விரலில் ஒட்டியிருந்தது. என் கணவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு, "ஹி ஹி, சும்மா ஒரு ட்ரையல் சார்" என்றார்.

"அப்பா!" என்று மகள் அதட்டினாள்.

நான் ஒன்றும் சண்டை போடவில்லை. கரண்டியை அவர் கையில் திணித்தேன். மாவுப் பாத்திரத்தையும் அவர் பக்கம் தள்ளினேன்.

"சார் சொல்றாருல்ல. போடுங்க."

"ஏய், எனக்கு இது வராது."

"ட்ரையல்தானே."

அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கையை நனைத்தார், மாவை இலையில் தட்டினார், ஓட்டை போட்டார். ஓட்டை மூடிக்கொண்டது. மறுபடி போட்டார், மறுபடி மூடிக்கொண்டது. கடைசியில் கண்ணை இடுக்கிக்கொண்டு தூரத்திலிருந்தே எண்ணெயில் போட்டார், எண்ணெய் தெறித்து மாப்பிள்ளை ஒரு முழம் பின்னால் குதித்தார். எதிர்வீட்டு சாரின் தலை மதிலுக்கு அந்தப் பக்கம் மெல்லக் கீழே இறங்கியது.

ஒருவழியாக ஒன்று வெந்து வந்தது. வடையும் இல்லை, போண்டாவும் இல்லை. "மொதல்ல அம்மாவுக்கு" என்றாள் மகள். அவரே ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிய்த்து வாயில் போட்டேன். நடுவில் கொஞ்சம் மாவாக இருந்தது, ஆனால் சுடச்சுட இருந்தது. வடை சுட்டு முடித்து, எல்லாருக்கும் போட்டு, ஆறிப்போன கடைசி இரண்டைத் தின்றே பழகிய நாக்குக்கு அது அமிர்தமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் போகவில்லை. நெற்றியெல்லாம் வேர்வையோடு, கையில் கரண்டியோடு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

இந்த வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து நான் நின்ற நிலை அது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவசரப்படாமல் மென்று விழுங்கினேன்.

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொன்று போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.